அரைக் கிலோ

முப்பத்தொன்பது புள்ளி ஐந்து என்றது மெஷின்.
நாற்பது வேண்டுமாம் கம்பெனிக்கு.
"அர கிலோ தக்குவம்மா" என்றார் சுரேந்திரா சார்,
பிறகு என் சர்ட்டிபிகேட்டில் ஊரைப் பார்த்துத் தமிழுக்கு மாறி,
"போய் ரெண்டு பாட்டில் தண்ணி குடிச்சிட்டு வா,
பன்னெண்டு மணி வரைக்கும் இருப்பேன்."

தடா தாண்டி, முள்ளுக்காட்டை வெட்டிப் போட்ட ரோட்டில்
ஷாமியானாவுக்கு அடியில் ஆள் எடுக்கிறார்கள்.
எனக்கு முன்னால் ஏறியவள் கொலுசைக் கழற்றவில்லை.
அவளுக்கு முன்னால் ஏறியவள்
தோள்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.
நான்தான் விவரமில்லாமல்
செருப்பு, வாட்ச், பை எல்லாவற்றையும் விட்டுவிட்டு
பரீட்சைக்குப் போகிறவள் மாதிரி ஏறினேன்.

குழாயடியில் வெயில்.
பாட்டில் நிரம்பி வழிகிறது.

பொன்னேரியில் ஒரு சீட் இருக்கிறது,
பி.எஸ்சி. வேதியியல்,
இரண்டாம் கவுன்சிலிங், வியாழக்கிழமை, ஒரிஜினலோடு.
இங்கேயும் ஒரிஜினல்தான் கேட்கிறார்கள்.
ஒன்றுதான் அடித்துக் கொடுத்தார்கள் பள்ளியில்.

அம்மா எங்களோடு தமிழ் பேசுவாள்,
கணக்கு மட்டும் தெலுங்கில்.
நேற்று அரிசி களைந்துகொண்டே போட்டாள்:
பதினாலாயிரத்து ஐநூறில்
பஸ்ஸும் கேன்டீனும் பி.எஃப்.பும் போனால்
கையில் பதகொண்டு வேலு.
காலேஜில் சேர்ந்தால் அரசாங்கம் கொடுப்பது
மாதம் வெய்யி.
பதினொன்றிலிருந்து ஒன்றைக் கழித்துவிட்டு
விடையைச் சொல்லாமல் உலையை மூடினாள்.

எளாவூர் செக்போஸ்ட்டில் லாரிகள்
மணிக்கணக்காய் நின்ற காலத்தில்
அப்பா கடைக்கு நாளுக்கு முப்பது லிட்டர் பால்.
இப்போது எவனும் நிற்பதில்லை.
நான்கு லிட்டர் வாங்கி அதிலும் ஒன்று திரிகிறது.
"உன் இஷ்டம்" என்றார், டம்ளர் கழுவியபடி.
அதையும் சுமந்துகொண்டுதான் ஏறினேன்,
மெஷின் கணக்கில் எடுக்கவில்லை.

சிந்துஜா போன வருஷம் சேர்ந்தவள்.
அவள் வீட்டில் சிவப்பு ஃப்ரிட்ஜ் வந்துவிட்டது.
நின்றுகொண்டே தூங்கப் பழகிவிட்டேன் என்று சிரிப்பாள்.
போன் செய்கிறாள் அங்கே.
செய்கிறாள் என்றால், கேமரா மூடி ஒட்டுகிறாள்,
ஷிப்டுக்கு இரண்டாயிரத்து முந்நூறு.
யார் போனை எடுத்தாலும் முதலில் முதுகைத் திருப்பி
ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் வைப்பாள்.
எனக்கு அது பிடிக்கும்.
பயமாகவும் இருக்கும்.

வேதியியலில் எனக்குத் தொண்ணூற்றொன்று.
தண்ணீரை எனக்குத் தெரியும்,
ஒரு லிட்டர் ஒரு கிலோ.
சார் இரண்டு பாட்டில் சொன்னது தண்டம்,
அரை போதும்.
ஏரித் தண்ணீர், லேசாக உப்புக் கரித்தது.
குடித்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று
மேலும் கால் லிட்டர் குடித்தேன்.
வேண்டாம் என்று சொல்வதாக இருந்தால்
நான் சொல்ல வேண்டும்.
எடை போதவில்லை என்று அவர்கள் சொல்லக் கூடாது.

நாற்பது புள்ளி இரண்டு.
"பாத்தியா" என்று சிரித்தார் சுரேந்திரா சார்.
"ஒரிஜினல் குடு."

கை பைக்குள் போனது.
பிஸ்கட் அட்டை முட்டுக் கொடுத்து
மடங்காமல் அப்பா வைத்த பிளாஸ்டிக் உறை
விரலில் பட்டது.

"ஜெராக்ஸ்தான் சார் எடுத்துட்டு வந்தேன்."

"அப்ப வியாழக்கிழமை கொண்டா."

கிழமையை அவர்தான் சொன்னார், நான் சொல்லவில்லை.

ஷேர் ஆட்டோவின் ஒவ்வொரு பள்ளத்துக்கும்
வயிற்றில் தண்ணீர் குலுங்கியது.
புறநகர் ரயிலில் கழிவறை கிடையாது.
அடுத்த ஸ்டேஷன்தான் ஆரம்பாக்கம்,
அதற்குள் சிக்னல் விழாமல் நின்றுவிட்டது,
முன்பெட்டிகள் தமிழ்நாட்டில்,
நான் இருந்த பெட்டி ஆந்திராவில்.
முக்கால் லிட்டரையும் ஒரு பொய்யையும்
அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்,
பையை மடியில் நேராக வைத்து.