சாய்கோடு

பந்தாய் டாலாமில் எட்டு அடுக்குமாடிகள்,
ஒவ்வொன்றிலும் பதினேழு மாடி.
அத்தனை பேரையும் அட்டவணைக்குள் குடிவைப்பது
போன வருஷம் என் வேலை.

குடியிருப்பாளர் ஒரு வகுப்பு. வீடு ஒரு வகுப்பு.
மோட்டார் சைக்கிள், வாசல் அட்டை, தண்ணீர்ப் புகார்
எல்லாமே வகுப்பு.
யாருக்கு யார் என்று நான்தான் எழுத வேண்டும்:
ஒன்றுக்கு ஒன்று. ஒன்றுக்குப் பல.
பலவற்றுக்குப் பல என்றால்
நடுவில் ஒரு தரகர் அட்டவணை வேண்டும்,
கல்யாணத்துக்கு மாதிரி.

உறவை இரண்டு பக்கமும் சொல்ல வேண்டும்.
"இவள் என் மனைவி" என்று அவர் வரிசை சொன்னால் போதாது;
அவள் வரிசையும் அவரைக் காட்ட வேண்டும்.
ஒரு பக்கம் மட்டும் எழுதினால்
நினைவகத்தில் கொஞ்ச நேரம் குடும்பமாக இருப்பார்கள்,
சேமித்துத் திறந்தால் அந்நியர்.
வெய் ஹான் இதைக் கேட்டுச் சிரித்தான்.
போன மாதம்தான் அவன் நிச்சயதார்த்தம் முறிந்திருந்தது.

முதல் வாரம் திரை திறக்கவே நாற்பது வினாடி.
பார்த்தால், வீட்டுப் பட்டியலை ஒரே மூச்சில் வாங்கிவிட்டு
ஒவ்வொரு கதவாக ஏறிப்போய்த் தட்டிக்கொண்டிருக்கிறது நிரல்.
உங்கள் வீட்டில் யார் யார்? இறங்கும்.
உங்கள் வீட்டில்? மறுபடி இறங்கும்.
லிஃப்ட் கெட்ட நாளில் கேஸ் தோம்பு சுமக்கிறவர் போல.
எல்லாரையும் ஒரே நடையில் கூட்டிவரச் சொன்னேன்.
ஒன்றரை வினாடி!
எனக்கு நானே ஒரு நாசி லெமாக் வாங்கிக் கொடுத்தேன்.

ஒரே ஒரு சொல்லைத்தான் யோசிக்காமல் எழுதினேன்.
குடும்பத் தலைவரை நீக்கினால்
அவரைச் சார்ந்தவை யாவும் கூடவே நீங்கும்.
அனாதை வரிசை மிஞ்சக்கூடாது;
எங்கள் தொழிலில் அது சுத்தம்.

இராமையா ஏ/எல் சன்னாசி, சி-14-9.
காரியம் முடிந்த மறுநாள்
அலுவலகத்தில் ஃபரீடா இறப்புச் சான்றிதழைப் பார்த்து
ஒரு தடவை அழுத்தினாள்.
"உறுதியா?" என்று திரை கேட்கவில்லை.
கேட்கும்படி நான் எழுதவில்லை.

போனது இராமையா.
போனது மோட்டார் சைக்கிள், அதன் ஒட்டுவில்லையோடு.
போனது சமையலறைக் குழாய் ஒழுகுவதாக மூன்று புகார்.
போனது அமராவதி ஏ/பி கோபால், உறவு: மனைவி.

சாயந்தரம் மார்க்கெட் பையோடு வந்தவளுக்குக்
கீழ்வாசல் சிவப்பு காட்டியது.
அட்டையைச் சேலையில் துடைத்தாளாம்.
திருப்பி வைத்தாளாம்.
பின்னால் வந்த பையன் தன் அட்டையால் உள்ளே விட்டான்.
மறுநாளும் யாரோ. அதற்கு மறுநாளும்.
நான்காம் நாள்தான் முகப்பில் போய்
மலாயில் கேட்டாள்:
அவர் செத்தால் நானுமா?
ஃபரீடா அழுதுகொண்டே எனக்குப் போன் செய்தாள்.

காப்புப் பிரதியிலிருந்து அவளை எடுக்கப் பதினொரு நிமிஷம்.
தரவுத்தளம் மறுத்தது: இவள் சுட்டும் ஆள் இல்லை.
அந்தக் கட்டம் வெறுமையாக இருக்கலாகாது என்று
சட்டம் போட்டவளும் நான்தான்.
சட்டத்தை எடுத்தேன்.
அவரிடமிருந்து கழற்றி அவளை வீட்டோடு கட்டினேன்.

பச்சை விளக்குக்குக் காத்திருக்கையில்
அவள் பெயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஏ/பி. அந்தச் சாய்கோடு.
கோபால் எங்கள் எந்த அட்டவணையிலும் இல்லை.
ஆளில்லாத இடத்தைச் சுட்டிக்கொண்டே
அறுபத்து மூன்று வருஷம் ஓடியிருக்கிறது பெயர்,
ஒரு பிழைச்செய்திகூட இல்லாமல்.

நான் இளவேணி ஏ/பி மனோகரன்.
நாலாம் ஆண்டு படிக்கையில் ஜொகூருக்குப் போனவர்.
நிரலில் ஒருவகை உறவு உண்டு:
கேட்டால்தான் வரும், அதுவரை பெயர் மட்டும் நிற்கும்.
நான் கேட்டதில்லை.

குழாய்ப் புகார் மூன்றையும்
கையாலேயே திரும்பத் தட்டிப் போட்டேன்.
இன்னும் ஒழுகுகிறதாம்.