நான்காவது படி

அந்தக் கோப்பின் பெயர் 'என்னைப் படி'.
ஈராண்டாக ஒருவரும் படிப்பதில்லை என்று
குறைபட்டுக்கொண்டிருந்தேன்.

தமிழ்ச் சொற்களை அகர வரிசையில் அடுக்கும்
சின்ன நிரல்.
க்ஷவை எங்கே நிறுத்துவது,
ஸ்ரீ யாருக்குப் பின்னால் என்பதற்கே
ஆறு மாதம் போயிற்று.
செங்காங்கில், பன்னிரண்டாம் மாடியில்,
துணிக்கம்புகளுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து
இரவுகளில் எழுதியது.
காசு கிடையாது. உரிமம் உண்டு:
யாரும் எடுக்கலாம், மாற்றலாம்,
மாற்றியதைத் திருப்பித் தரலாம்.

திருப்பித் தருவோருக்கும் ஒரு கோப்பு வைத்தேன்.
சோதனைகளை ஓட்டிப் பார்த்துவிட்டு அனுப்பவும்.
ஒரு கோரிக்கையில் ஒரு மாற்றம்.
வரித் தொடக்கத்தில் நான்கு இடைவெளி, டேப் வேண்டாம்.
யாருடைய ஊரும் வேலையும் கேட்க வேண்டாம்.
கனிவாகப் பேசவும்.
(இதை எழுதியபோது நான் கனிவாக இல்லை.
முந்திய இரவுதான் லிஸ்பனிலிருந்து ஒருவர்
எல்லாக் கோப்புகளையும் ஒரே மூச்சில்
புரட்டிப் போட்டு அனுப்பியிருந்தார்.)

பிறகு ஒரு புகார்.
கணக்கின் பெயர் ஈரக்குடை.
'நான்காவது படியில் நின்றுவிடுகிறது.'
என் கணினியில் ஓடுகிறதே என்று மூடினேன்.
மறுநாள் திறந்திருந்தது.
'என் கணினியில் ஓடவில்லையே.'
மூடினேன்.
மூன்றாம் முறை சொற்களே இல்லை,
ஒரு படம்:
கறுப்புத் திரையில் ஒற்றைச் சிவப்பு வரி.

ஞாயிற்றுக்கிழமை,
அலுவலகம் கொடுத்த புதுக் கணினியை
உள்ளே ஒன்றும் ஏற்றாமல்
உணவங்காடிக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.
காலியான மேசைகள்,
ஒவ்வொன்றின் மேலும் ஒரு டிஷ்யூ பொட்டலம்.
யாரோ சோறு வாங்கப் போயிருக்கிறார், வருவார் என்று பொருள்.
எந்தச் சுவரிலும் எழுதியிருக்காது.
வந்த புதிதில்
அப்படியொரு பொட்டலத்தை இலவசம் என்று பிரித்து
மூக்கைச் சிந்தியவள் நான்.
பத்து வருடமாகியும்
நினைத்தால் காது சுடும்.

தூணோரம் ஓர் இடம் கிடைத்தது.
கோப்பி ஓ ஆறட்டும் என்று
கோப்பைத் திறந்தேன்.
யாரோ எழுதியதைப் போல எண்ணிக்கொண்டு
சொன்னதை மட்டும் செய்தேன்,
சொல்லாததைக் கை தானாகச் செய்யப் போனபோது
கையை இழுத்துக்கொண்டேன்.
ஒன்று. இரண்டு. மூன்று.
'இனி எளிதாக நிறுவிக்கொள்ளவும்.'
எதை?

எதை என்று சொல்லவே இல்லை.
எப்போதோ ஒரு செவ்வாய் இரவில்
என் கணினியில் போட்டு நான் மறந்த ஒன்று
இத்தனை நாள் என் காலடியில்
கல்லாகக் கிடந்து தாங்கியிருக்கிறது.
மற்றவர்களுக்கு அங்கே படியே இல்லை.
கால் வைத்தால் காற்று.
அதே சிவப்பு வரி
என் முகத்துக்கு நேரே.

வீடு திரும்பினால்
ஈரக்குடையிடமிருந்து ஒரு கோரிக்கை.
சேர்த்தவை: ஒன்றுமில்லை.
நீக்கியவை: பதினொரு சொற்கள்.
பதினொன்றும் ஒரே சொல்,
எளிதாக.
கீழே குறிப்பு:
'விடுபட்டது எதுவென்று உங்களுக்குத்தான் தெரியும்.
என்னால் ஆனது இது.
பதினொரு இடம் என்றாலும்
உங்கள் விதிப்படி ஒரு மாற்றம்தானே?'

நேர முத்திரை கூட்டல் எட்டு.
பெர்த்தாக இருக்கலாம். மணிலா. கோலாலம்பூர்.
எதிர் புளோக்கில், ஏழாம் மாடியில்,
மணி இரண்டாகியும் அணையாத
அந்த ஒற்றை விளக்காகவும் இருக்கலாம்.
கேட்கவில்லை.
விதி என்னுடையது.

இணைத்தேன்.
நான்காவது படி இப்போது ஒன்பது வரி.
நீளம்தான், அழகில்லை.
புதுக் கணினியில் இரண்டு முறை ஏறிப் பார்த்துவிட்டேன்.

பங்களித்தோர் பட்டியலை
நிரலே அடுக்கிக்கொள்ளும், கை வைக்க வேண்டியதில்லை.
ஈகாரத்தில் வந்த ஈரக்குடை
சகரத்தில் இருந்த சண்முகவடிவை
ஓர் இடம் கீழே தள்ளிவிட்டு
மேலே போய் உட்கார்ந்தது.

சரிபார்த்தேன்.
வரிசை சரி.