பன்னிரண்டு நிமிடக் கப்பல்

காலை ஏழரைக்கே இறக்கிவிட்டார்கள்.
விமானம் இரவு பத்து நாற்பதுக்கு.
நடுவில் ஒரு முழுப் பகல்,
இரண்டு பெட்டிகள்,
ஒன்றுக்குச் சக்கரம் மூன்றுதான்.

வான்கூவர் தரை இன்னும் ஆடுகிறது.
"ஆடுறது தரையில்லை, நீ" என்கிறாள்
தவமலர் மச்சாள்,
விளக்குக் கம்பத்தைப் பிடித்தபடி.

பெட்டி பார்த்துக்கொள்ளும் கடையில் வரிசை தெருமுனை வரை.
டாக்சிக்காரர் விமான நிலையம் என்றால் மட்டும் வருவாராம்.
ரயில் நிலையத்து லிஃப்டில் ஈரநாய் வாசம்.
நாள் முழுக்கச் செல்லும் டிக்கெட் இரண்டு எடுத்தோம்,
எங்கே போவதென்று தெரியாமலே.

மத்தியானம்
மறுகரைக்குப் போகும் படகில் ஏறினோம்.
ஏழு நாள் கடலில் கிடந்தது போதாதென்று.
விருந்தில்லை, வரவேற்பில்லை.
எதிர் இருக்கையில் சமையல்காரச் சட்டையோடு ஒரு பையன்
வாய் திறந்து தூங்கியபடி வேலைக்குப் போகிறான்.

ஜன்னலில் எங்கள் கப்பல்.
அதன் வயிற்றுக்குள் முட்டை அட்டைகள் ஏறுகின்றன.
எட்டாம் தளம், கடைசியிலிருந்து நாலாவது பால்கனி.
நேற்று நான் காலுறை காயப்போட்ட நாற்காலியில்
ஒரு மஞ்சள் தொப்பி.

மச்சாள் கையசைத்தாள்.
தொப்பியும் எழுந்து அசைத்தது,
இரண்டு கையாலும்.
"எங்களை ஆரெண்டு நினைச்சிருப்பினம்?"
"இந்த ஊர்ச் சனமெண்டு."

திரும்பும் படகில்
பெட்டியோடு ஒருவர் வழி கேட்டார்.
லிஃப்ட் பக்கம் போகவேண்டாம் என்பதையும் சேர்த்து
சொல்லிக்கொடுத்தோம்.