பின் கரியர்

ஒட்டுசுட்டான் கந்தோருக்குப் போகையில்
சைக்கிள் திடீரென்று பாரமானது.
பின் கரியரில்
செத்து இருபது வருசமான எழுத்தாளர்,
பின்னட்டைப் படத்தில் இருந்த அதே மூக்குக்கண்ணாடி.

"மனுவைக் காட்டு."
மூன்று 'தயவுசெய்து', இரண்டு 'தாழ்மையுடன்'.
வெட்டினார்.
"காணி உன்ரை. ஏன் கெஞ்சுறாய்?"
"கதைச்சால் குரல் நடுங்கும், அம்மா."
"எனக்கும்தான். அதாலைதானே எழுதினனான்."

முதிரை நிழலில் நிறுத்தி
உரக்க வாசித்தேன்.
மயில் ஒன்று மட்டும் தலை நிமிர்ந்தது.

கிளாக்கர் நிமிரவில்லை.
"அடுத்த கிழமை வாங்கோ."
கதிரையை இழுத்தேன்.
சீமெந்தில் அது போட்ட சத்தத்துக்கு
கந்தோரே திரும்பியது.

"யோகமலர்.
இரண்டு ஏக்கர், ஒரு கிணறு,
முள்ளுக்கம்பிக்கு அங்காலை.
இண்டைக்கே பதியுங்கோ."

நடுங்கித்தான் சொன்னேன்.
பதிந்தார்.

திரும்பி வருகையில்
வெறும் கரியர் கிடுகிடுத்தது,
நெடுங்கேணி றோட்டின்
குழி குழியாய்.