பாதி பிஸ்கட், பந்து

இந்த கிளாஸ் டைட்டஸ்.
டீ மிச்சமிருக்கிற அந்த கிளாஸ் அவர்களுடைய ஸ்டாப்பர்.
சர்க்கரை டப்பா கோலி.
பட்டர் பிஸ்கட்டில் பாதி, பந்து.
மீதிப் பாதியை மதியரசு தின்றுவிட்டான்.
லைன்ஸ்மேனுக்கு எதை வைப்பது என்றான் யோவான்.
காலி சிகரெட் பெட்டியை வைத்தேன்.
அதற்கும் கண் இல்லை.

பெரம்பூர் பாலத்துக்கு அடியில்
மொய்துக்கா கடை பெஞ்சில்
எண்பத்து மூன்றாம் நிமிடம்
ஏழாவது தடவையாக நடக்கிறது.

நஸ்ருல்லா இடப்பக்கம் ஒருத்தனைக் கழற்றிவிட்டு
பந்தை உள்ளே அனுப்பியபோது
டைட்டஸ் ஸ்டாப்பருக்கு இந்தப் பக்கம்தான் நின்றான்.
அரை அடி.
எங்கம்மா மேல் சத்தியமாக அரை அடி.
தண்ணீர் கேன் அடுக்கின் மேல் ஏறி நின்ற எனக்குத் தெரிந்தது.
அதற்கென்றே தினப்படி வாங்கி
கோட்டின் மேல் ஓட வேண்டியவருக்குத் தெரியவில்லை.
அவர் இருபது தப்படி பின்னால்
தெருக்குழாயில் தண்ணீர் வந்துவிட்டதா என்று
பார்க்க வருகிறவர் மாதிரி வந்துகொண்டிருந்தார்.
வந்து சேர்ந்தார். மூச்சு வாங்கினார்.
கொடியைத் தூக்கினார்.

அதற்குள் பந்து வலைக்குள் சுருண்டு படுத்துவிட்டது.
அதற்குள் நான்
பக்கத்திலிருந்த முன்பின் தெரியாத பெரியவரைக்
கட்டிப்பிடித்துவிட்டேன்.
கட்டிப்பிடித்த ஆளை
கோல் இல்லை என்றானபின் எப்படி விடுவது?
அவரும் என் முதுகிலிருந்து கையை எடுக்கவில்லை.
அவர் சட்டையில் டீசல் வாசனை.
இரண்டு பேரும் அப்படியே நின்று
ரெஃப்ரியின் வாயைப் பார்த்தோம்.
விசில்.

நான் அந்தக் கல்லூரியில் இரண்டரை வருஷம் இருந்தவன்.
மூன்று அரியர். கடைசி டேர்ம் ஃபீஸ் பாக்கி.
அடையாள அட்டை இன்னும் பர்ஸில் கிடக்கிறது,
முகம் தேய்ந்து, முத்திரை மட்டும் பளிச்சென்று.
கன்டெய்னர் யார்டில்
வயிற்றுப்போக்கு என்று சொல்லிவிட்டு வந்தேன்.
பத்தொன்பது வருஷம் கழித்து ஒரு ஃபைனல்.
பட்டம்தான் தரவில்லை,
ஒரு கப்பாவது தரக்கூடாதா?

"ஆனா மச்சான்," என்று ஆரம்பித்தான் யோவான்.
"வாயை மூடு," என்றோம்.

ஏனென்றால் அவன் சொல்லப்போவது எங்களுக்குத் தெரியும்.
கொடி ஏறியதும் மொத்த டீமும்
ரெஃப்ரியைச் சுற்றிக்கொண்டதைச் சொல்வான்.
கோலி கலைவண்ணன்கூட
கையுறையைக் கழற்றி வீசிவிட்டு
பாதி மைதானம் தாண்டி ஓடி வந்து
நியாயம் கேட்டதைச் சொல்வான்.
அவர்களோ நியாயத்துக்குக் காத்திருக்கவில்லை.
பந்தை வைத்தார்கள், உதைத்தார்கள்.
அது புழுதியில் இரண்டு குத்து குத்தி
யாருமே இல்லாத வீட்டுக்குள்
சொந்தக்காரன் மாதிரி நுழைந்தது.
ஊதாமல் எப்படி உதைக்கலாம் என்று கத்தினேன்.
விதியில் அப்படி ஒன்றும் இல்லை என்றார் டீசல் பெரியவர்.
அப்போதுதான் கையை எடுத்தார்.

ஒன்றுக்கு பூஜ்யம்.
முதல் பாதியில் எங்கள் பாக்ஸுக்குள்
நஸ்ருல்லாவின் கையில் பந்து பட்டது.
அதையும் அந்த ரெஃப்ரி பார்க்கவில்லை.
அப்போது அவர் நல்ல ரெஃப்ரி.
இதை நான் பெஞ்சில் சொல்லவில்லை,
இங்கே சொல்கிறேன்.

மறுபடியும் அடுக்கினேன்.
நகரும்போது பார்க்காதே,
பந்து காலை விட்டுக் கிளம்பும் நேரத்தைப் பார்.
பாலத்தின் மேல் ஏதோ லாரி போக
பெஞ்ச் அதிர்ந்து டைட்டஸ் ஒரு நூல் நகர்ந்தான்.
பிடித்துத் திரும்ப வைத்தேன்.
இப்போது பார், இப்போது சொல்,
இது எந்த ஊரில் ஆஃப்சைடு?

மொய்துக்கா வந்தார்.
கடை சாத்தும் நேரம்.
ஸ்டாப்பரை எடுத்தார்,
மிச்ச டீயைக் கீழே ஊற்றினார்,
வாளித் தண்ணீரில் முக்கினார்.

டைட்டஸும் சர்க்கரை டப்பாவும் மட்டும்
தனியாக நின்றார்கள்.

மதியரசு குனிந்து
ஒரு கண்ணை மூடிப் பார்த்தான்.
"இப்ப ஆஃப்சைடுதான்டா," என்றான்.