உறுப்பினர் எண் 61

ஐந்தே முக்கால்.
ஏற்காட்டுப் பாதை விளக்குகளில்
ஒன்றிரண்டு இன்னும் அணையவில்லை.
சொசைட்டி ஷட்டரைத் தூக்குகிறேன்.
பாதியில் சிக்கும். என்றைக்கும் சிக்கும்.
தோளால் ஒரு முட்டு.

முன்பெல்லாம் ஆட்கள் டீக்கடையில் இருப்பார்கள்,
அவர்கள் இடத்தில் தூக்குவாளிகள் வரிசையில் நிற்கும்.
இன்றைக்குப் பதினொன்று.
எண்ணக் கூடாது என்று நினைத்தபடியே
எண்ணிவிட்டேன்.

புளியமரத்து முக்குக்கு மஞ்சள் வண்டி
எனக்கு அரைமணி முன்னால் வந்துவிடுகிறது.
லிட்டருக்கு ஆறு ரூபாய் கூட.
சனிக்கிழமையானால் கையில் காசு.
எங்கள் பட்டுவாடா
தீபாவளிக்கு முந்தி நின்றது,
பொங்கல் பக்கத்தில் வந்துவிட்டது.

வேடியப்பன் வாளியை வைத்தார்.
லாக்டோமீட்டர் ஆடி நின்றது, இருபத்தாறில்.
"இருபத்தெட்டுன்னு போடேன்."
"மிதக்கறது நானில்லீங்க."
"அங்க அந்தப் பையன் குழலையே எடுக்கறதில்ல தெரியுமா?"
"இப்ப எடுக்க மாட்டான்."
"எப்ப எடுப்பான்?"
கடைசி வாளியும் அங்கே போன மறுநாள்.
சொல்லவில்லை. அவருக்கும் தெரியும்.

ஊரடங்கு வந்த நாலாம் நாள்
வேறொரு வண்டி இருந்தது, நீல நிறம். வரவில்லை.
டிரைவர் போனை எடுக்கவில்லை.
அண்டா அண்டாவாய்த் திரிந்த பால்
கிணற்று மேட்டில் வெள்ளையாய் ஓடியது.
நாய்கள்கூட ஒரு நாளைக்கு மேல் நக்கவில்லை.
சொசைட்டி மட்டும் திறந்திருந்தது.
இதே ஷட்டர்தான்,
அன்றைக்கும் சிக்கியது.

இதை மகாசபையில் சொன்னேன், கோயில் வாசலில் சொன்னேன்,
சொல்லிச் சொல்லி எனக்கே புளித்துவிட்டது.
பாவாயி ஒருத்திதான் பதில் சொன்னாள்:
"அன்னிக்கு வாங்கினீங்க, இல்லேங்கல.
அன்னியிலருந்து ஊத்திக்கிட்டுத்தானே இருக்கேன்.
நன்றிக்கு மொத்தம் எத்தனை லிட்டருன்னு சொல்லிடு,
ஊத்தி முடிச்சிடறேன்."

கணக்குப் போடத் தெரிந்தவன் நான்.
கொழுப்பு, இதரச் சத்து, தீவன மூட்டைப் பிடித்தம், கடன் தவணை.
இதற்கு மட்டும்
எந்தக் கட்டத்தில் எழுதுவதென்று தெரியவில்லை.

ஆறரைக்கு நோட்டை இழுத்துக்கொண்டேன்.
பத்தொன்பது, வரவில்லை.
முப்பத்திமூன்று, மாட்டை விற்றாயிற்று.
நாற்பது, வரவில்லை. நாற்பத்திரண்டு, வரவில்லை.
அறுபத்தொன்று.

அறுபத்தொன்று உண்ணாமலை.
என் மனைவி.

நான் கிளம்பும்போது அவள் கறந்துகொண்டிருப்பாள்.
பால் பின்னாலேயே வந்துவிடும்.
மூன்று நாளாக வரவில்லை.
செவலைக்கு மடி வீங்கியிருக்கு என்றாள்,
அடுப்பைப் பார்த்தபடி.

நேற்று ராத்திரி டார்ச்சோடு கொட்டகைக்குப் போனேன்.
நாலு காம்பையும் அழுத்திப் பார்த்தேன்.
செவலை அசைபோடுவதைக்கூட நிறுத்தவில்லை.
சூடில்லை, கட்டியில்லை.
பூப்போல மடி.

திரும்பி வந்து படுத்தேன்.
அவளும் தூங்கவில்லை.
நான் கேட்கவில்லை.
மூத்தவனுக்குக் கல்லூரி பஸ் கட்டணம்
திங்கட்கிழமை கட்டியாயிற்று.
எப்படி என்று அதையும் கேட்கவில்லை.

வராதவர்களுக்கு எதிரே காரணம் எழுத
இரண்டு விரல் அகலத்துக்கு இடம் இருக்கிறது.
பொதுவாகக் கோடு போட்டுவிடுவேன்.
இன்றைக்குப் பேனா அங்கேயே நின்றது.
இருபத்தாறை இருபத்தெட்டாக்க
பன்னிரண்டு வருஷமாகக் கை வராதவன்
தெளிவான எழுத்தில் எழுதினேன்:
மடி நோய்.

ஏழு மணிக்குச் சேலத்திலிருந்து லாரி வந்தது.
கேனை ஏற்ற எப்போதும் இரண்டு ஆள் வேண்டும்.
கிளீனர் பையன்
வாயில் பல்குச்சியோடு
ஒரே கையால் தூக்கினான்.

"என்னண்ணா, இவ்வளவுதானா?"

மீதியைக் கழுவிக் கவிழ்த்தேன்.
தண்ணீர் வெளுப்பாகவே வடிந்துகொண்டிருந்தது,
வெகுநேரம்.