சன்னல் எண் நான்கு

வீடு கட்டிய ஆண்டு ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினான்கு.
டொலீடோ, மௌமீ ஆற்றுக்குக் கிழக்கே,
கொடியில் காயும் துணியெல்லாம்
எண்ணெய் ஆலை மணக்கும் தெரு.
அழைப்பு மணியை அழுத்தினேன். அடிக்கவில்லை.
அதையும் படிவத்தில் எழுதினேன்.

டெல்ஃபீன் ரக்கர் கதவைத் திறந்தாள்,
இரவுப் பணியின் சீருடை மாற்றாமல்,
இடுப்பில் அமோஸ், இரண்டரை வயது.
"ஷூவைக் கழற்றட்டுமா?" என்றேன்.
"தரையைப் பார்த்துட்டுக் கேளுங்க" என்றாள்.

என் கருவி துப்பாக்கி மாதிரி இருக்கும்.
சுவரில் வைத்து விசையை அழுத்தினால்
பூச்சுக்கு அடியில் இருக்கும் பூச்சை,
அதற்கும் அடியில் கிடப்பதை
ஓர் எண்ணாகச் சொல்லிவிடும்.
அமோஸ் இரண்டு கைகளையும் மேலே தூக்கினான்.
யாரிடம் பார்த்தானோ.
அன்று முழுக்க அவன் இருந்த பக்கம்
நான் அதைத் திருப்பவில்லை.

சமையலறை, பூஜ்யம் புள்ளி இரண்டு.
கூடத்துக் கதவுநிலை, ஒன்று புள்ளி ஒன்பது.
படுக்கையறை, சன்னல் எண் நான்கு,
பதினொன்று.
அணைத்துவிட்டு மறுபடி வைத்தேன்.
பதினொன்று.

விளிம்பு நெடுகச் சின்னச் சின்னப் பள்ளங்கள்.
"எலி" என்றாள் டெல்ஃபீன்.
எந்த எலிக்கும் அவ்வளவு அகலத் தாடை கிடையாது.
நான் வாய் திறக்கவில்லை.
அவளே குனிந்து பார்த்தாள்.
பிறகு மகனின் பற்களைப் பார்த்தாள்.

ஈயத்தைக் காய்ச்சிக் காதில் ஊற்றினாற்போல் என்பார்கள்.
காய்ச்ச வேண்டாம், ஊற்றவும் வேண்டாம்.
ஜூன் மாதக் காற்றுக்காகச் சன்னலை ஒரு முறை தூக்கி
ஒரு முறை இறக்கினால் போதும்,
மாவாக உதிரும்.
கைக்கு வரும், கை வாய்க்குப் போகும்,
வாய்க்கு அது இனிக்கும்.

படிவம் பதினாறு பக்கம்.
சம்பளச் சீட்டு, வாடகை ஒப்பந்தம்,
வீட்டுக்காரர் சாபோவின் கையெழுத்து.
அவர் ஃப்ளோரிடாவில் இருக்கிறார்.
மூன்று வருடம் வாடகை ஏற்றக் கூடாது
என்ற வரியைப் படித்ததிலிருந்து போனை எடுப்பதில்லை.
இந்த ஆண்டு மானியம் முப்பது வீடுகளுக்கு.
வந்த விண்ணப்பம் இருநூற்றுப் பதினாறு.
இரத்தத்தில் ஏற்கெனவே ஏறிவிட்ட குழந்தை உள்ள வீட்டுக்கு
முன்னுரிமை.
அமோஸுக்குப் பதினேழு.

"அப்போ எங்களுக்குக் கிடைச்சிடும்!"
அந்தக் குரலில் சந்தோஷம் இருந்தது.
இருந்தது அவள் காதிலும் விழுந்தது.
கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கேள்வி முப்பத்தொன்று:
பழைய பூச்சைச் சுரண்டியது யார், எப்போது?
"நான்தான்.
ஏழாம் மாசம். மஞ்சள் அடிக்கலாம்னு.
உப்புத்தாள் வாங்கி ரெண்டு நாள் தேய்ச்சேன்,
வழவழன்னு வர்ற வரைக்கும்."
சொல்லிவிட்டு என் பேனாவையே பார்த்தாள்.
'பராமரிப்பு' என்று எழுதினேன்.
அது பொய்யில்லை.

செப்டம்பரில் சாபோ கையெழுத்துப் போட்டார்,
ஏன் என்று சொல்லவில்லை.
முகமூடி அணிந்த இருவர் சன்னல் எண் நான்கைப்
பிளாஸ்டிக்கில் சுற்றி, தலைமாட்டிலும் கால்மாட்டிலும்
டேப் ஒட்டித் தூக்கிப் போனார்கள்.
படிக்கட்டில் டெல்ஃபீன் ஒதுங்கி வழிவிட்டாள்.

ஜனவரியில் பார்க்கப் போனேன்.
பன்னிரண்டு. "இறங்கியிருக்கு" என்றேன்.
"இறங்கினா, ஏறாத மாதிரி ஆயிடுமா?"
அதற்குப் பதில் எழுத என் படிவத்தில் இடமில்லை.
புதுச் சன்னலை ஒரே விரலால் தூக்கிக் காட்டினாள்.
கண்ணாடிக்கு அப்பால் பக்கத்து வீடு,
அதன் சன்னலில் செதில் செதிலாக வெள்ளை.
பட்டியலில் அவர்களின் இடம் எனக்குத் தெரியும்,
முப்பத்து நான்கு.

அமோஸ் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினான்.
புது விளிம்பில் பல்லைப் பதித்தான்.
நிறுத்தினான்.
இங்கே இருந்ததை எங்கே வைத்தீர்கள் என்பதுபோல்
எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.